தாத்தாவின் துப்பாக்கியை நீங்களே துடைக்காதீர்கள்

சில மாதங்களுக்கு முன் நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒருவர் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பா தவறி நாற்பது நாள்கூட ஆகவில்லை. நிலத்தின் கிராண்ட் (பட்டா), வங்கிப் புத்தகம், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கார் பின்னாடி பூட்டுல ஒரு சாமான் இருக்கு. தாத்தாவோடது. நீங்க ஒரு தடவ பாத்துட்டா நல்லாருக்கும்."

கைலியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் இரட்டைக்குழல் துப்பாக்கி. வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கும் பழைய வகை. மலாயில் செனாப்பாங் லந்தாக் என்பார்கள். துருவுக்கு அடியில் குழல் முழுக்க நீரலை போல வரிகள் தெரிந்தன. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி, நெருப்பில் காய்ச்சித் தட்டி ஒட்டிய குழல் அது. பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் 19ஆம் நூற்றாண்டில் இப்படி மலிவான துப்பாக்கிகள் ஏராளமாகச் செய்து கடல் கடந்து விற்றார்கள்.

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் என் அலுவலகம். மனிதர் அதைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவர் மகனுக்குப் பத்தொன்பது வயது. "யூடியூப்ல பாத்தேன்பா, இதே மாதிரி துப்பாக்கியில முயல் சுடறாங்க. துரு எடுத்து எண்ணெ போட்டா ஓடும்" என்று சொன்னானாம். அந்தப் பேச்சுத்தான் என்னை இதை எழுத வைத்தது.

அவன் பார்த்த வீடியோ பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி, துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. இங்கிலாந்திலும் பழம்பொருளாக வீட்டில் மாட்டி வைக்கலாம். சுட வேண்டுமானால் மட்டும் சான்றிதழ் வேண்டும். அங்கே ஆர்வமுள்ளவர்கள் இப்படிப்பட்ட ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் குழலைச் சோதித்துவிட்டு, முயல், புறா, அணில் என்று வேட்டைக்குப் போகிறார்கள். இருபத்தைந்து, முப்பது மீட்டருக்குள் பிராணி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். அந்தப் பொறுமையில் ஓர் அழகு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் ஊர்ச் சட்டம்.

நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். குழல் உள்ளதாக, குண்டோ ரவையோ வெளியே தள்ளி ஆளைக் கொல்லக்கூடியதாக, அல்லது அப்படி மாற்றக்கூடியதாக இருந்தால் அது ஆயுதம். அந்த வரையறையில் துப்பாக்கியின் வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 8ஆவது பிரிவின்கீழ் ஏழு ஆண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். இதோடு முடிந்தால் பரவாயில்லை. கடுந்தண்டனைக்கென்றே 1971இல் வந்த இன்னொரு துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. அதன் 8ஆவது பிரிவில் குற்றம் சாட்டினால் பதினான்கு ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. எந்தச் சட்டத்தில் சாட்டுவது என்பது அரசுத் தரப்பின் முடிவு. "தாத்தா காலத்து சாமான்" என்பதைத் தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது நான் சொல்லலாம். அது குற்றமே இல்லை என்று வாதாட என்னால் முடியாது.

தாத்தாவிடம் உரிமம் இருந்ததே என்பார்கள். உரிமம் ஆளுக்குத் தருவது. வீடு, நிலம் போல வாரிசுக்கு இறங்கி வராது. அப்புறம், பல குடும்பங்களில் உரிமம் எப்போதுமே இருந்ததில்லை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அவசரகாலம் கொண்டுவந்தபோது அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு. அந்தப் பயத்தில் கூரைச் சட்டத்திலும் கோழிக் கூண்டுக்கு அடியிலும் செருகியவற்றைத்தான் இன்று பேரப்பிள்ளைகள் வீட்டைப் பிரிக்கும்போது கண்டெடுக்கிறார்கள். ஒளித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்படைக்கப் போனாலும் ஆபத்து என்று நினைத்த காலம் அது.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. தோட்டங்களில் பார்க்கும் செனாப்பாங் பாத்தாவை நடுவில் மடித்தால் தோட்டா இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். வாய்வழித் துப்பாக்கியில் திறந்து பார்க்க இடமே கிடையாது. மருந்து, அடைப்பு, ரவை, மேலே இன்னொரு அடைப்பு என்று எல்லாம் குழலின் அடியில் இறுகிக் கிடக்கும். கெட்டித்த துப்பாக்கியும் வெறும் துப்பாக்கியும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும்.

அன்று நான் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, அவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை யாரையும் அந்தக் காரின் பக்கத்தில் விடவில்லை. பிறகு நிலையத்தில் ஆயுதம் தெரிந்த ஓர் அதிகாரி சோதித்தார். சுத்தியலுக்கு அடியில் பச்சைக் களிம்பு பிடித்த சின்னச் செப்பு மூடி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் தீப்பொறி தரும் கேப் அதுதான். அதை நனைத்து, மெல்ல நெம்பி எடுத்தார். அப்புறம் ஒரு நீளக் கம்பியைக் குழலின் வெளியே வைத்து நீளம் குறித்துக்கொண்டு உள்ளே இறக்கினார். வலது குழலில் அடிவரை போனது. இடது குழலில் நாலு விரல்கடை முன்பே நின்றுவிட்டது. திருகு முனையால் கிண்டியபோது முதலில் நைந்த செய்தித்தாள் உருண்டை வந்தது. பிறகு வெள்ளை பூத்த ஈய ரவை, தேங்காய் நார், கடைசியில் உலர்ந்த கறுப்புப் பொடி. "இன்னும் உயிர் இருக்கு" என்றார் மலாயில். அவர் சொன்னது சரிதான். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் கலந்தது கருமருந்து. ஈரம் படாவிட்டால் எத்தனை தலைமுறை ஆனாலும் பற்றும். என்னைத் தேடி வந்தவரின் மகன் துருவை எளிதாக எடுக்கக் குழலைச் சூடாக்கலாம் என்று நினைத்திருந்தானாம்.

சுட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில ஆபத்துகள். முறுக்குக் குழலின் ஒட்டுகளுக்குள் துரு அரித்திருந்தால் வெளியே தெரியாது. இக்காலத் தோட்டாவை உடைத்து அதன் புகையில்லா மருந்தைப் போட்டால் அழுத்தம் பன்மடங்கு ஏறும். குழல் வெடித்து முதலில் போவது அதைப் பிடித்திருக்கும் கை. சுட்ட குழலுக்குள் கங்கு மிச்சமிருக்கும்போது மறுபடி மருந்தைக் கொட்டினால் மருந்துக் குப்பியே கையில் வெடிக்கும். ஒரே குழலில் மறதியாக இருமுறை கெட்டிப்பதும் நடக்கிறது. மருந்தை நாமே கலந்துகொள்ளலாம் என்றால் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் குறுக்கே வரும்.

சரி, கண்டெடுத்துவிட்டீர்கள், என்ன செய்வது? கிடந்த இடத்திலேயே விடுங்கள். விசையையும் சுத்தியலையும் தொடாதீர்கள். குழல் முனைக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்; அந்தப் படம் பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாகும். முடிந்தால் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, அதே நாளில் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்களை வரச் சொல்லுங்கள். நீங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், என்னைத் தேடி வந்தவர் செய்த தவறு அதுதான். புகாரின் நகலையும், பொருளை எடுத்துப் போனதற்கான எழுத்தையும் கேட்டு வாங்குங்கள். இறப்புச் சான்றிதழும், பழைய உரிமப் புத்தகம் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள் என்பதுதான் விசாரணையில் முதல் கேள்வியாக வரும்.

உண்மையிலேயே வேட்டையில் ஆசை இருந்தால் நேர்வழி உண்டு. துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், பிராணிக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம், இரண்டும் தனித்தனி. காட்டுக்கோழி, சருகுமான், பச்சைப்புறா போன்றவற்றுக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதன் தண்டனைகளை இன்னும் கூட்டினார்கள். துப்பாக்கி உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நிபோங் திபால்காரர் மீது இதுவரை வழக்கு இல்லை. தகவல் சொன்னதும், எதையும் மறைக்காமல் வாக்குமூலம் கொடுத்ததும் உதவின. எல்லாருக்கும் அப்படியே முடியும் என்று நான் உறுதி தர முடியாது. அவருடைய அம்மா மட்டும் ஒன்று கேட்டார். "முழுசும் வேணாம்மா. அந்தச் சுத்தியல் ஒண்ண மட்டும் கழட்டித் தரச் சொல்லேன், மாமனார் நெனப்பா இருக்கட்டும்." உதிரிப் பாகமும் சட்டத்தில் ஆயுதம்தான். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுவாரம் ஒரு பழைய படத்தைக் கொண்டு வந்து காட்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே தாத்தா வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார், தோளில் அந்தத் துப்பாக்கி. அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.