சோலார் கடைசியில் வரட்டும்

காடோ ஈரநிலமோ பக்கத்தில் உள்ள ஊர்களில் இயற்கை விளக்க மையம், அதாவது அந்த இடத்தின் செடிகொடிகளையும் பறவைகளையும் வருபவர்களுக்கு அறிமுகப்படுத்தும் கட்டிடம், கட்டும் ஆர்வம் கூடியிருக்கிறது. மனதாரச் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் கட்டிடக் கலைஞராக இந்த வேலைகளின் முதல் கூட்டங்களில் உட்காரும்போது, பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் மேசைக்கு வருகிறது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஏ.சி. போட்ட அரங்கம், மாடியில் சோலார், வாசலில் ‘பசுமைக் கட்டிடம்’ என்று ஒரு பலகை. கண்ணாடி வழியாக வெயிலை உள்ளே விட்டு, அந்தச் சூட்டைத் தணிக்க ஏ.சி. வைத்து, ஏ.சி. இழுக்கும் மின்சாரத்துக்காக சோலார் வாங்குகிறோம். இல்லாத தேவையை நாமே உண்டாக்கிவிட்டு, அதை ஈடுகட்டப் பொதுப்பணத்தைக் கொட்டுகிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் செலவு பாதியிலேயே நின்றுவிடும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எங்கே கட்டக் கூடாது என்பதை. மே மாத வெயிலில் நிலத்தைப் பார்த்துவிட்டு வரைபடம் போட்டால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும் என்று தெரியாது. அங்கே மாடு மேய்ப்பவரையும் வலை போடுபவரையும் கேட்டால் கையை நீட்டியே காட்டிவிடுவார்கள். மரம் உள்ள இடத்தையும் நீர் நிற்கும் இடத்தையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே கெட்டுப்போன தரையைத் தேடுங்கள். பழைய குப்பைமேடு, கட்டிட இடிபாடு கொட்டிய மூலை, பேவர் கல் பதித்த வண்டி நிறுத்துமிடம், ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். சென்னை அடையாறு பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. அந்த 58 ஏக்கரில் மக்கள் பார்க்கப் போவது மீண்டு வந்த நீர்நிலையையும் செடிகொடிகளையும் பறவைகளையும்தான். கட்டிடம் அங்கே துணைக்குத்தான்.

அடுத்தது வெயில். சென்னை அட்சரேகையில் ஏப்ரல் கடைசியில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து விழும். ஆகவே வடக்குச் சுவருக்கும் சின்னதாக ஒரு சன்ஷேட் வேண்டும். தெற்கே கூரை விளிம்பு இரண்டரை அடி வெளியே நீண்டிருந்தால் போதும். தொல்லை கொடுப்பவை கிழக்கும் மேற்கும். தாழ்ந்து வரும் வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. அந்த இரண்டு பக்கங்களையும் குறுக்கி, ஜன்னல் இல்லாமல் விட்டு, கழிப்பறை, பொருள் வைக்கும் அறை, மாடிப்படி ஆகியவற்றை அங்கே தள்ளிவிட வேண்டும். கட்டிடம் கிழக்கு மேற்காக நீண்டு, ஓர் அறை அகலத்தில் இருந்தால் காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகும். கடற்கரை ஊர்களில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றுக்கு அந்தப் பக்கம் தாழ்வான திறப்பு, எதிர்ச்சுவரில் உயரமான திறப்பு. ஒரு மாடி கூட இல்லாத கட்டிடம் வாங்கும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. அதனால் கான்கிரீட்டுக்கு மேல் இடைவெளி விட்டு ஓடு வேய்வது, எந்த மெஷினையும்விட லாபமான முதலீடு. மேலே மின்விசிறி சுழன்றால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல இருக்கும். இவ்வளவும் செய்தபிறகு ஏ.சி. தேவைப்படும் அறை ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அதற்கு எத்தனை சோலார் பலகை என்று அப்போது கணக்குப் போடலாம்.

சுவருக்கு நான் பெரிதும் நம்புவது, அந்த நிலத்து மண்ணையே. மழைநீர்க் குளம் தோண்டும்போது வரும் மண்ணைச் சலித்து, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அழுத்து இயந்திரத்தில் கல்லாக்கி, ஈரம் காயாமல் மூடி நான்கு வாரம் வைத்தால் போதும். சூளை இல்லை, விறகு இல்லை. சுஹாசினி ஐயர் வடிவமைத்த ஆரோவில் பார்வையாளர் மையம் இந்த மண்கல்லில்தான் நிற்கிறது. போகிறவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். எல்லா மண்ணும் ஒத்துவராது. மணல் பாதி, களிமண் ஐந்தில் ஒரு பங்கு, மீதி சரளையும் வண்டலும் இருந்தால் நல்லது. இதற்கு மேஸ்திரிகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு மண், ஒரு சிட்டிகை உப்பு, மேலே தண்ணீர். நன்றாகக் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். வண்டல் அதன்மேல் மெதுவாக அமரும். களி மறுநாள் வரைகூட இறங்காமல் கலங்கி நிற்கும். கோடுகளை ஸ்கேலால் அளந்தாலே தோராயமான கணக்கு கிடைத்துவிடும்.

உள்ளூர்ப் பொருளை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2007இல் திறந்த, இயற்கைப் பாதுகாப்பு எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட் பெயரிலான மையம் நல்ல சாட்சி. 1935இல் அவர் வாங்கிய வளமிழந்த பண்ணையில் குடும்பமே நட்ட பைன் மரங்கள், பிற்காலத்தில் நெருக்கியடித்து வளர்ந்தன. மற்றவை தழைக்க வேண்டுமென்று களைந்தெடுத்த மரங்கள் அந்தக் கட்டிடத்துக்குத் தூணும் உத்தரமுமாயின. மெலிந்த மரத்தைப் பலகையாக அறுக்காமல் முழு உருளையாகவே பயன்படுத்தினார்கள். நார் அறுபடாததால் பலம் குறைவதில்லை. அங்கும் மின்தேவையைச் சுருக்கியபிறகே சூரியத் தகடுகளைக் கணக்கிட்டார்கள். அது குளிர்நாடு. சுவரையும் ஜன்னலையும் அப்படியே நகல் எடுத்தால் இங்கே வெந்துபோவோம். நமக்கு சவுக்கு இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் செல் அரிக்காது. மழை பட்டால் மருந்து கரைந்துவிடும் என்பதால் கூரைக்கு அடியில் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இயற்கை மையம் என்பதாலேயே கூடுதலாக ஒரு கடமை இருக்கிறது. மரம் பிரதிபலிக்கும் கண்ணாடியை மரமென்றே நம்பிப் பறவை மோதிச் சாகும். பறவைகளைக் காட்ட எழுப்பிய கட்டிடமே அவற்றைக் கொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. கண்ணாடி வேண்டியே ஆக வேண்டுமென்றால் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் பதியுங்கள், அல்லது கொசுவலையை வெளியே கட்டுங்கள். உள்பக்கம் ஒட்டும் ஒற்றைப் பருந்துப் படம் பயன்படாது. இரவில் ஹைமாஸ்ட் விளக்கும் வேண்டாம். நடைபாதையில் முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்க்கும் மஞ்சள் விளக்கு போதும். கடற்கரை ஓரமென்றால் பங்குனி ஆமை எனும் கடலாமையின் முட்டைகள் பொரியும் மாதங்களில் அதையும் அணைக்க வேண்டும். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 300 சதுர மீட்டர் கூரைக்குச் சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. என்று வைத்தால் 4 லட்சம் லிட்டருக்கு மேல். சிந்தியது போக மூன்றேகால் லட்சம் தேறும். கழிப்பறைத் தண்ணீரைச் செப்டிக் டேங்கோடு விட்டுவிடாமல், கல்வாழை நட்ட சரளைப் படுகை வழியாக வடித்துத் தோட்டத்துக்கு விடலாம்.

இவை எல்லாம் கெடுவது திறப்பு விழாவுக்குப் பிறகுதான். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குபவர்கள் பராமரிப்புக்கு ஒதுக்குவதில்லை. ஆகவே எஸ்டிமேட்டிலேயே மூன்று வருடப் பராமரிப்பைத் தனி இனமாகச் சேர்க்கச் சொல்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் மழைநீர் வடிகட்டியைக் கழுவுவது, நழுவிய கூரை ஓடுகளை மாற்றுவது, கல்வாழையை வெட்டிவிடுவது எல்லாம் யார் பொறுப்பு என்று பதவியைக் குறித்து எழுத வேண்டும். உங்கள் ஊரில் இப்படியொரு மையம் வருவதாகக் கேள்விப்பட்டால், வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். மேற்குப் பக்கம் என்ன இருக்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது, பராமரிப்புக்கு எவ்வளவு என்ற மூன்றையும் டெண்டர் விடுவதற்கு முன்பே கேளுங்கள். அஸ்திவாரம் போட்டபிறகு கட்டிடத்தின் திசையை மாற்ற முடியாது.