ஸ்மார்ட் மீட்டர்: வேண்டாம் என்று சொல்லலாமா?

பயன்பாட்டுக் கணக்கைத் தானாகவே மின் நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் மின் கட்டணம் எகிறிவிடும் என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. குஜராத்தின் வதோதராவில் 2024-இல் மக்கள் இதற்காகவே போராடினார்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் நாம் கண் வைக்க வேண்டியது மீட்டர் பெட்டியின் மேல் அல்ல, அதோடு சேர்ந்து வரும் கட்டண விதிகளின் மேல்தான்.

மின் விநியோக நிறுவனங்களின் இழப்பைக் குறைப்பதற்காக மத்திய அரசு 2021-இல் ஒரு சீரமைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாடு முழுவதும் சுமார் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது அதன் முக்கியப் பகுதி. பொதுவாக ஒரு மீட்டருக்கு அதன் விலையில் 15 சதவீதம், அதிகபட்சம் 900 ரூபாய் வரை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. மீட்டரைப் பொருத்தும் தனியார் நிறுவனம் முதலில் தன் பணத்தைப் போடும். பிறகு மின் நிறுவனத்திடமிருந்து மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரர் உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தவணை ஒருநாள் கட்டண உயர்வாக நம் தலையில் விழலாம். அதனால் கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்புக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

இனி மீட்டருக்கு வருவோம். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து யூனிட் கணக்கிடும் வேலை பழைய எலெக்ட்ரானிக் மீட்டரைப் போலத்தான். புதியவை மூன்று. 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைத் தனித்தனியாகப் பதிந்துவைக்கும். சிம் கார்டு வழியாகவோ ரேடியோ அலை வழியாகவோ அதை மின் நிறுவனத்துக்கு அனுப்பும். உங்கள் வீட்டு வைஃபை தேவையில்லை. உள்ளே ஒரு சுவிட்ச் இருப்பதால் அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கலாம், திரும்பக் கொடுக்கலாம். எந்த நேரத்தில் ஃபேன், எந்த நேரத்தில் மிக்ஸி என்று அதற்குத் தெரியாது. மொத்தம் மட்டுமே தெரியும். என்றாலும், வீட்டில் ஆள் இல்லாத நாட்களை அந்தப் பதிவிலிருந்து யூகித்துவிடலாம் என்பதால் அந்தத் தகவலைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மின் நிறுவனத்துக்கு உண்டு.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலை போய்விடும். கணக்கெடுப்பவர் நான்கைந்து நாள் தாமதமாக வந்தாலே 490-இல் நிற்க வேண்டிய குடும்பம் 520-க்குப் போய்விடும். தானாகவே ரீடிங் அனுப்பும் மீட்டரில், நிறுவனம் கணக்கை உரிய நாளிலேயே முடித்தால், இந்த அநியாயத்துக்கு இடமில்லை. வீடு பூட்டியிருந்தால் சென்ற முறைத் தொகையையே கட்டச் சொல்லும் வழக்கமும் தேவைப்படாது. 100 யூனிட் இலவசம் அரசின் மானியம். மீட்டரை மாற்றுவதால் அது போய்விடாது.

அப்படியென்றால் சிலருக்குக் கட்டணம் ஏன் கூடுகிறது? வட்டு சுழலும் பழைய மீட்டர்கள் தேய்ந்து மெதுவாக ஓடியிருக்கலாம். பக்கத்துப் போர்ஷனின் நியூட்ரல் கம்பியோடு நம் கம்பி கலந்திருக்கலாம். பெரும்பாலான மீட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகளையும் அளந்து, அதிகமாக உள்ளதையே கணக்கில் எடுக்கும். மீட்டரே பழுதாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்: மீட்டரின் சிவப்பு விளக்கு மினுமினுப்பது நிற்க வேண்டும். அடுத்து மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் போடுங்கள். மீட்டர் முகப்பில் யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், 90 விநாடிகளில் விளக்கு சுமார் 80 முறை மின்ன வேண்டும். மின்னழுத்தத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். 120, 130 என்று போனால் புகார் எழுதலாம்.

பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் இடம் உச்சத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் வீடு இழுக்கும் அதிகபட்ச மின்சாரம். உங்கள் இணைப்புக்கு இத்தனை கிலோவாட் என்று அனுமதிக்கப்பட்ட சுமை ஒன்று உண்டு. ஏசி, கீசர், மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஸ்மார்ட் மீட்டர் அதைப் பதிந்துவிடும். மின்சார நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2023 ஜூனில் செய்த திருத்தம் இங்கே நமக்குத் துணை: மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு, அது காட்டும் உச்சத் தேவையை வைத்து அபராதம் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை சுமை மீறினால்தான் அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்தலாம்.

அதே திருத்தம் நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறையையும் கொண்டுவந்தது. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் குறைந்தபட்சம் 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். உங்கள் மாநிலத்தில் வீடுகளுக்கு இது உண்டா என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில்தான் எல்லா வேலையும் நடக்கும் வீடுகளுக்கு இது சுமைதான்.

முன்பணம் கட்டும் முறை வேறு விஷயம். ஒரே மீட்டரை முன்பண முறையிலும், பயன்படுத்திய பிறகு கட்டும் முறையிலும் இயக்கலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, முன்பண மீட்டருக்குச் சம்மதிப்பவரிடம் மின்சாரத்துக்கான காப்புத்தொகை கேட்கக் கூடாது. அது லாபம். ஆனால் பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க 15 நாள் அறிவிப்பு வேண்டும் என்கிறது 56-வது பிரிவு. முன்பண முறையிலோ இருப்பு தீர்ந்ததும் மின்சாரம் நின்றுவிடக்கூடும். தினக்கூலிக் குடும்பங்கள், வீட்டில் ஆக்சிஜன் கருவியில் நோயாளியை வைத்திருப்பவர்கள் இதற்குச் சம்மதிக்கும் முன் துண்டிப்பு விதியை எழுத்தில் கேட்க வேண்டும்.

மீட்டரையே மறுக்கலாமா? என் கருத்து: வேண்டாம். ஊழியரை உள்ளே விட மறுத்தால் எழுத்துமூல அறிவிப்பு தந்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு இணைப்பைத் துண்டிக்க அதே சட்டத்தின் 163-வது பிரிவு இடம் தருகிறது. அந்தச் சண்டையில் இழப்பு நமக்குத்தான்.

மாற்ற வரும் நாளில் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் வரிசை எண்ணையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள். புதிய மீட்டரின் ஆரம்ப ரீடிங்கையும் எடுங்கள். மாற்றியதற்கான தாளில் இரண்டு ரீடிங்கும் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கு அதிகம் காட்டுகிறது என்று பட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உரிமைகள் விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, புகார் கிடைத்த ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகம் அசையாவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போகலாம். அங்கும் தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எடுத்து வைத்த படங்களையும் புகார் எண்ணையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.