கணினிக்குள் தொலையும் ஐந்தரை மணி நேரம்

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "விண்டோஸுடன் உபுண்டுவையும் நிறுவினேன். அன்று முதல் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்குகிறது. லேமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?"

வேண்டாம். கடிகாரத்தை ஓட்டும் அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குத் தாவும். கணக்குப் பிசகாமல் ஐந்தரை மணி நேரம் மட்டும் பின்வாங்காது. கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஐந்தரைதான்!

நிறுவும் வேலையை வாசகர் ஒழுங்காகவே செய்திருக்கிறார். விண்டோஸின் பகிர்வைச் சுருக்கி, காலியான இடத்தில் உபுண்டு என்ற லினக்ஸை வைத்து, எது வேண்டும் என்று கேட்கும் தொடக்கப் பட்டியலும் வந்துவிட்டது. டிஸ்க்கைப் பாகம் பிரித்தாயிற்று. பிரிக்க முடியாதது கடிகாரம். இருவருக்கும் அது ஒன்றுதான்.

கணினியை அணைத்த பிறகும் ஓடுகிற கடிகாரம் அது. மதர்போர்டில் ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விநோதமான எண்? பதினைந்து இரண்டுகளைப் பெருக்கிப் பாருங்கள், இதுதான் வரும். அதிர்வை வரிசையாகப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு மிஞ்சும். பாதியாக்குவது மின்னணுச் சுற்றுக்கு மிகச் சுலபமான வேலை. அந்தத் துடிப்பை எண்ணி விநாடி, நிமிடம், மணி, தேதி, மாதம், ஆண்டு என்று சிப் எழுதி வைக்கிறது. 1984இல் ஐபிஎம்மின் பிசி ஏடி கணினியில் வந்த ஏற்பாடு இது. இது எந்த ஊர் மணி என்று குறிக்க மட்டும் அதில் இடம் வைக்கவில்லை.

தனக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்துப் பழக்கப்படி விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரமாக, அதாவது கிரீன்விச் மணியாகப் படிக்கிறது. இரவு 9 மணிக்கு லினக்ஸில் இருக்கிறீர்கள். அது சிப்பில் 15:30 என்று எழுதுகிறது. இணையத்தோடு நேரம் ஒத்திசைந்திருந்தால் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு விண்டோஸைத் திறந்தால் மாலை மூன்றரை! அதைத் திருத்தினால் சிப்பில் 21:00 ஏறும். அடுத்து லினக்ஸைத் திறக்கும்போது அதற்கு மறுநாள் அதிகாலை இரண்டரை.

ஊர் குறிக்காத மணியை மனிதர்களும் நம்புகிறார்கள். மாட்டுங்கா வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. ஆறு மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போட்ட கணக்கு. மும்பையில் சூரியன் சென்னையைவிடச் சராசரியாக அரை மணி நேரம் தாமதமாக உதிக்கிறது. ராகுவுக்கு யார் சொல்வது? இத்தனைக்கும் இந்த ஊர் 1955 வரை, இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பிந்திய பம்பாய் நேரத்தை விடாமல் வைத்திருந்தது.

லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வழி உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் நாடுகளில் இரண்டும் தனித்தனியே ஒரு மணி நேரம் திருத்தி, பிழையை இரட்டிப்பாக்கும். விண்டோஸையே மாற்றுங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்று போய் டைம் ஜோன் இன்ஃபர்மேஷன் பகுதியைத் திறந்து, 'ரியல் டைம் இஸ் யுனிவர்சல்' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதி ஒரு டிவேர்ட் (எண் வகை) பதிவை உருவாக்கி, மதிப்பு 1 கொடுங்கள். கணினியை மறுபடி தொடங்கி, இணையத்திலிருந்து நேரத்தை ஒருமுறை ஒத்திசைத்தால் போதும்.