ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் போதுமா?

திருகோணமலை உவர்மலையில், வீட்டுக் கமரா இணையத்தில் திறந்துகிடப்பதை நான் பார்க்கும் மூன்றாவது வீடு இந்த மாதம் இது. பொறுமை போய்விட்டது, எழுதுகிறேன்.

விறாந்தையில் கமரா. லண்டனில் இருக்கும் மகன் பார்ப்பதற்காக, பொருத்த வந்தவர் ரவுட்டரின் ஐபிவி6 (இணையக் கருவிகளுக்கு முகவரி தரும் புதிய முறை) ஃபயர்வோலை, அதாவது வெளியிலிருந்து அழைக்காமல் வருவதைத் தடுக்கும் காவலை, முழுவதுமாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். என் தொலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் கமராவின் முகவரியைத் தட்டினேன். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லுக்கே திறந்துகொண்டது. தேநீர்க் கோப்பையோடு விறாந்தைக்கு வந்த அந்த வீட்டு அம்மா என் திரையிலும் வந்தார்.

“கமரா ரவுட்டருக்குப் பின்னால்தானே இருக்கிறது தம்பி, வெளியில் எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அவர்.

இந்த நம்பிக்கையோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். பழைய ஐபிவி4 இல் இருப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். ஆசிய பசிபிக் பகுதிக்கு 2011 ஏப்ரலிலேயே கைஇருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தட்டுப்பாட்டால் வீட்டுக்கு ஒரு முகவரி. உள்ளே இருந்த கருவிகள் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. வெளியிலிருந்து வரும் அழைப்பு யாருக்கு என்று தெரியாமல் ரவுட்டர் அதைக் கைவிட்டது. தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் செய்த ஏற்பாட்டை நாம் பூட்டு என்று நம்பிவிட்டோம். ஐபிவி6 இல் தட்டுப்பாடே இல்லை. கமரா, தொலைக்காட்சி, பிள்ளையின் டெப்லட் என எல்லாவற்றுக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி உண்டு. “அந்த முகவரிக் கடலில் யார் தேடுவார்கள்?” என்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தேட முடியாதுதான். ஆனால் கருவி தொடர்புகொள்ளும் இடமெல்லாம் அதன் முகவரி பதிவாகிறதே!

ஃபயர்வோல்தான் பூட்டு. ஐபிவி4 க்கு இருப்பதால் ஐபிவி6 க்கும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கான பதில் மட்டும் வரட்டும். பயந்துபோய் ஐபிவி6 ஐயே அணைக்க வேண்டாம். ஐபிவி6 கருவிகள் பிழைச்செய்திகளைப் பரிமாறும் ஐசிஎம்பிவி6 ஐ முழுதாகத் தடுக்கவும் வேண்டாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்யும் தவறு இது, சில தளங்கள் பாதியில் நின்றுவிடும். ரவுட்டர், கமரா இரண்டின் கடவுச்சொற்களையும் இன்றே மாற்றுங்கள். தூரத்திலிருந்து பார்க்க விபிஎன், அதாவது வீட்டு வலையமைப்புக்குள் வரும் பூட்டிய தனிவழி, அமையுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, தயவுசெய்து கேளுங்கள். பொருத்துபவரை வைஃபை இல்லாமல் தன் தொலைபேசியில் கமராவின் ஐபிவி6 முகவரியைத் திறக்க முயன்று காட்டச் சொல்லுங்கள். அந்தத் தொலைபேசிக்கும் ஐபிவி6 முகவரி இருக்க வேண்டும், இல்லையேல் சோதனை பொய். திறக்காவிட்டால் மட்டும் கூலியைக் கொடுங்கள்.