பதினாறாம் நாளுக்குள்ள ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க

நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலையில லாரி அடிச்சி புருஷன பறிகொடுத்த ஒரு பொண்ணு போன வாரம் பாளையங்கோட்டையில என் வக்கீல் ஆபீசுக்கு வந்துச்சி. கோர்ட்டுக்குப் போகாம இழப்பீடா மூணு லட்சம் வாங்கிட்டு கையெழுத்து போட்டாச்சி, பேசி முடிச்சது சொந்தக்காரங்க, பதினாறாம் நாள் விசேஷம்கூட கழியல. பேப்பர்ல ஒரு வரி, 'விபத்துக்கு இறந்தவரின் கவனக்குறைவே காரணம்'னு. அந்த ஒரு வரிய வச்சே எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டுல நிறுத்தி கேள்வி கேப்பாரு. இந்த மாதிரி பேப்பர் பாத்துப் பாத்து மனசு ஆற மாட்டேங்குது, அதான் எழுதுதேன்.

ஏன்ம்மா போட்டீங்கன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்தான், "அவரு கொத்தனாரு சார், சம்பளச் சீட்டா இருக்கு, கோர்ட்டுல என்ன வந்துரப் போகுது." தயவுசெஞ்சி இந்த நெனப்ப விடுங்க. சம்பளச் சீட்டு இல்லன்னா மேஸ்திரிய சாட்சி சொல்ல வைக்கலாம், நலவாரிய கார்டு, பேங்க் பாஸ்புக் காட்டலாம், எதுவுமே இல்லன்னாலும் கோர்ட் தானா ஒரு வருமானத்த நிர்ணயிக்கும். வீட்டுவேலை மட்டும் பாத்த அம்மாவுக்கும் அப்படித்தான், பீடி சுத்துன அக்காவுக்கும் அப்படித்தான். கணக்க பாருங்க: வயசு 34, மாசம் 15,000ன்னு கோர்ட் எடுத்துக்கிட்டா, எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் கூட்டி 21,000. மனைவி, ரெண்டு புள்ள, அம்மான்னு நாலு பேரு நம்பியிருந்தா அவரு சொந்தச் செலவுக்கு கால் பங்கு கழிச்சி 15,750. வருஷத்துக்கு 1,89,000. இத எத்தனையால பெருக்கணும்னு வயச வச்சி ஒரு எண் உண்டு, வயசு கூடுனா அது கொறையும், 34க்கு 16. ஆக 30,24,000, அதுக்கு மேல ஈமச்செலவு, துணைய இழந்ததுக்குன்னு தனித்தனியா இருக்கு. இது என் கணக்கு இல்ல, 2009ல சரளா வர்மா வழக்குலயும் 2017ல பிரணய் சேத்தி வழக்குலயும் உச்சநீதிமன்றம் வகுத்த கணக்கு. மூணு லட்சத்த இதுக்குப் பக்கத்துல வச்சி பாருங்க.

வயச பத்தி ஒண்ணு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில போஸ்ட்மார்ட்டம் அன்னைக்கு அழுதுகிட்டே யாராவது "42 இருக்கும்"னு குத்துமதிப்பா சொல்லிருவாங்க. 42ன்னு ஆனா மேல சொன்ன கணக்குல 6 லட்சத்துக்கு மேல கொறஞ்சிரும். ஸ்கூல் டிசியோ பிறப்புச் சான்றோ தேடி எடுத்து வைங்க.

"லாரிக்காரனும் நம்ம ஊருப் பயதான், பாவம், வீட்ட விப்பான்"னு சொல்லுதாங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா பணம் கட்டுறது கம்பெனி. ஹெல்மெட் போடலைன்னாலும் கேஸ் செத்துப் போகாது, கொஞ்சம் கழிப்பாங்க, அவ்வளவுதான். டிரைவர் கிரிமினல் கேஸ்ல விடுதலை ஆனாலும் இழப்பீடு தனி.

அடிச்ச வண்டி நிக்காம போயி நம்பரே தெரியலன்னா அரசுத் திட்டத்துல 2 லட்சம் உண்டு. தானா போயி புளியமரத்துல மோதுனா பிறத்தியார் மேல கேஸ் இல்ல, ஆனா வண்டி அவரு பேர்ல இருந்து, லைசென்சும் இருந்து, பாலிசியில ஓனர் விபத்துக் காப்பு கட்டியிருந்தா 15 லட்சம், அந்த பாலிசிய தூக்கிப் போட்டுராதீங்க.

விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள இழப்பீடு கேட்டு மனு போடணும்னு சட்டம், இது 2022 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு. தாண்டிருச்சின்னாலும் சும்மா இருந்துராதீங்க, அந்தக் காலக்கெடுவ எதிர்த்து உச்சநீதிமன்றத்துல வழக்கு போயிருக்கு, வக்கீல பாருங்க. விபத்து ஓசூர்ல நடந்தாலும் நீங்க குடியிருக்கிறது அம்பாசமுத்திரம்னா இந்தப் பக்கமே போடலாம், அலைய வேண்டியதில்ல.

மார்ச்சுவரி வாசல்ல வந்து வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேக்குறவன்கிட்ட எதுவும் போடாதீங்க. வர்ற பணத்துல இத்தன சதவீதம் வக்கீல் பீஸுன்னு பேசுறது எங்க பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, பேசுனா எந்திரிச்சி வந்துருங்க. பீஸ் கொடுக்க வழியில்லன்னா பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கன்னு கேளுங்க, எஃப்ஐஆர் காப்பியும் ஆதாரும் எடுத்துட்டுப் போங்க.