எம்.எஸ். உள்ளவர்கள் கழுத்தில் சொடுக்கு எடுக்கலாமா?

யூடியூபைத் திறந்தால் இப்போதெல்லாம் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் 'படக்' என்று சத்தம் வரவைக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக் காணொளிகள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. பல வருட வலி ஒரே நிமிடத்தில் போய்விட்டது என்று சொல்லி, படுத்திருந்தவர் கண்கலங்க எழுந்து உட்காருகிறார். நான் நரம்பியல் பிசியோதெரபிஸ்ட். இந்தக் காணொளிகளை எனக்கு அனுப்பி, "மேடம், இது எனக்கு ஒத்துவருமா?" என்று கேட்பவர்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தை வெடுக்கென்று திருப்பும் எந்தச் சிகிச்சையும் எம்.எஸ். உள்ளவர்களுக்கு வேண்டாம். இடுப்பு, தோள், முதுகுத் தசைகளை மென்மையாகப் பிடித்துவிடுவது, நீட்டிவிடுவது போன்றவை வலியைக் குறைக்கலாம். நோயை அவை தொடுவதே இல்லை.

எம்.எஸ்.ஸில் நடப்பது என்ன? மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே திசைமாறி அந்த உறையைத் தாக்கி அரிக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதுகெலும்பு விலகுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடுவதால், அங்கே புண் வந்தால் வலியும் மதமதப்பும் கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் கிளம்புவதுபோலத் தோன்றும். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முப்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை வந்திருந்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு கண்ணில் பார்வை மங்கி, எம்.எஸ். என்று தெரிந்தவர். "குனிஞ்சு நோட்டு திருத்தும்போது கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு மேடம். கழுத்தெலும்பு விலகியிருக்காம், ஆறு சிட்டிங்ல செட் பண்ணிடலாம்னு சொன்னாங்க," என்றார். இரண்டு சிட்டிங் முடிந்திருந்தது. கண்ணில் வந்த நோய்க்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து, அங்கே எம்.எஸ். பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கட்டிலில் உட்காரவைத்து, தாடையை மெல்ல நெஞ்சுப் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். பாதியிலேயே முகம் சுளித்து நிமிர்ந்துவிட்டார். எங்கே ஓடியது என்று கேட்டதற்கு, விரலால் நடுமுதுகில் கோடு இழுத்து இரண்டு தொடையிலும் கொண்டுவந்து நிறுத்தினார்.

இதற்கு லெர்மிட் அறிகுறி என்று பெயர். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உறை அரிக்கப்பட்ட இடம், குனியும்போது இழுபட்டுத் தவறான மின்சமிக்ஞைகளைக் கிளப்புகிறது. கழுத்து எக்ஸ்ரேயில் இது தெரியவே தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் புதிதாக ஒரு புண் தெரிந்தது, நரம்பியல் மருத்துவர் மருந்தை மாற்றினார். அந்தக் கழுத்தைத்தான் ஒருவர் இரண்டு முறை திருப்பியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பதறுகிறது.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை. முதுகெலும்புக் கண்ணிகள் சற்றே இடம் பிசகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவருடைய கொள்கை. அப்படி இடம் பிசகுவது நோய்களுக்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று, பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலே 2010இல் அறிவித்துவிட்டது. சாதாரண இடுப்பு வலிக்கு முதுகைக் கையாளும் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 'படக்' சத்தமோ, மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது; எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் அல்ல.

"எம்.எஸ். இருந்தவங்களுக்கே குணமாச்சாமே" என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர் எம்.எஸ்., பார்க்கின்சன் உள்ள 81 பேருக்கு மேல்கழுத்தில் சிகிச்சை செய்து, பெரும்பாலானவர்கள் முன்னேறியதாக 2004இல் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு ஒன்றுகூட அதில் இல்லை. எம்.எஸ்.ஸில் சுமார் 85 சதவீதம் பேருக்கு விட்டுவிட்டு வரும் வகையாகத்தான் நோய் தொடங்குகிறது. ஒரு தாக்குதல் வந்து, சில வாரங்களில் எதுவும் செய்யாமலேயே ஓரளவு தணியும். அந்த வாரங்களில் யார் என்ன செய்திருந்தாலும் பெயர் அவருக்குத்தான். ஒப்பீடு இல்லாத ஆய்வை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. இன்டர்ஃபெரான் பீட்டா 1993இல் வந்ததிலிருந்து தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது, ஆனால் உள்ளே புண்கள் சேரும்.

கழுத்தை ஏன் தொடக் கூடாது? மூளையின் பின்பகுதிக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி, உச்சிக் கழுத்தெலும்பில் வளைந்து தலைக்குள் நுழைகின்றன. வேகமாகத் திருப்பும்போது, அரிதாக, அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருப்புகிறார்களே, அதிலும் இதே ஆபத்து உண்டு. அரிதுதானே என்று யாரும் தள்ளிவிடலாம். எம்.எஸ். உள்ளவருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம் மூன்றும் அந்தப் பக்கவாதத்துக்கும் அடையாளம், எம்.எஸ்.ஸுக்கும் அடையாளம். 'எனக்கு வழக்கமா வர்றதுதானே' என்று வீட்டில் படுத்துவிடுவார்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருப்பதோ நாலரை மணி நேரம்.

எலும்பையும் பார்க்க வேண்டும். தாக்குதல் வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்கும், நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் எலும்பு வலுவிழந்திருக்கும். முதுகில் வேகமாக அழுத்தினால் முறியலாம். இடுப்பு மடிப்பில் வலி என்றால் ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைப்பகுதி சேதமாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிடித்துவிடக் கூடாது.

அப்படியானால் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டே இருப்பதா? இல்லை. எங்களிடம் வருபவரின் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஒரு செருப்பின் முன்நுனி மட்டும் தேய்ந்திருக்கும். பாதம் தொங்கித் தரையில் உரசுகிறது. தடுக்கி விழாமல் இருக்க அந்தப் பக்க இடுப்பைத் தூக்கித் தூக்கி நடக்கிறார். சாயங்காலம் இடுப்பு கழன்றுபோவதுபோல வலிக்காமல் என்ன செய்யும்? எத்தனை சிட்டிங் போனாலும், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. பட்டை போடாதவரை அந்த வலி திரும்பி வரும். இறுகிய கெண்டைக்கால் தசையைத் தினமும் நீட்டுவது, இடுப்பைத் தாங்கும் தசைகளை வலுவாக்குவது, தேவைப்பட்டால் இறுக்கத்துக்கு பாக்லோஃபென் மாத்திரையின் அளவை மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்வது, இவைதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. யூடியூபில் போட இதில் ஒன்றுமில்லை, ஆனால் மாடிப்படி ஏறுவது சுலபமாகிறது. உடற்பயிற்சி செய்தால் நோய் கூடிவிடும் என்று ஒரு காலத்தில் எம்.எஸ். உள்ளவர்களைப் படுக்கவைத்தார்கள். இன்று களைப்பைக் குறைக்க நாங்கள் முதலில் கையில் எடுப்பதே பயிற்சியைத்தான்.

சூடு விஷயத்தில் நம் ஊரில் கூடுதல் கவனம் வேண்டும். பல மையங்களில் முதலில் சூடான எண்ணெய் மசாஜ், பிறகு நீராவி, கடைசியில் வெந்நீர் ஒத்தடம். உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்குக் கால் துவளும், பார்வை மங்கும். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும் என்றாலும், எழுந்து நடக்கும்போது விழுந்துவிடுவார்கள். மரத்துப்போன தோலில் ஒத்தடத்தின் சூடு தெரியாமல் கொப்புளம் வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கைரோபிராக்டரிடம் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவருக்கு, அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசி, வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்ப்பவர் ஆறுதலாகத்தான் தெரிவார். அந்த நேரத்தை நாங்கள் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கென்று மருத்துவக் கவுன்சில் போல ஓர் அமைப்பு இல்லை. சில வாரப் பயிற்சி முடித்தவரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். யாரிடம் போனாலும் எம்.எஸ். இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், கழுத்தில் கை வைக்காதீர்கள் என்று இரண்டாவதாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டும் "கவலைப்படாதீங்க, இதையும் சரி பண்ணிடலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

புதிதாக மரப்பு, பலவீனம், பார்வை மங்கல், நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல இறுக்கம், சிறுநீரை அடக்க முடியாமை, இவற்றில் எதுவும் 24 மணி நேரத்தைத் தாண்டினால் உங்கள் நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். திடீரென்று நிமிடங்களில் வந்தது என்றால், அதுவும் கழுத்தைத் திருப்பிய பிறகு என்றால், ஒரு நாள் பொறுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றினாலேயே பழைய அறிகுறிகள் திரும்பி வருவதுண்டு. அதற்கு வேண்டியது ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ஆன்டிபயாடிக்கும்தான்.