அரியர்: தமிழில் என்ன சொல்வது?

செமஸ்டர் ரிசல்ட் வந்த சாயங்காலம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றால் காதில் விழும். "ஏலே, எத்தனை அரியர்?" "ரெண்டு விழுந்துட்டு. பழசு ஒண்ணு கெடக்கு." எங்கள் பக்கத்தில் அரியர், அதாவது தேறாமல் பாக்கி நிற்கும் தாள், விழும், அப்புறம் அங்கேயே கிடக்கும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அங்கே அதற்குப் 'பின்னால்' என்று பொருள். வடக்கே இதையே 'பேக்' என்கிறார்கள், அதுவும் பின்னால்தான். கட்டாத வாடகை, வராத சம்பளம் என்று பணப் பாக்கியைக் குறித்தது பரீட்சைக்கும் வந்துவிட்டது. ஒரே வீட்டில் அப்பாவுக்கு டி.ஏ. (அகவிலைப்படி) அரியர் வந்தால் அல்வா வாங்குவார்கள்; மகனுக்கு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அரியர் என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல்லும் உண்டு. 'அரியர் அவையகத்து அஞ்சா தவர்' என்கிறது குறள் (723). அங்கே அது 'அரிதாகக் கிடைப்பவர்'. நம் கல்லூரிகளில் அரியர் வைக்காதவர்தான் அரியர்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மறுதேர்வு ஒத்துவராது, வினாத்தாள் வெளியானால் எல்லாருமே எழுதுவதும் மறுதேர்வுதான். துணைத்தேர்வு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டது. என் வாக்கு நிலுவைக்குத்தான். சம்பள அரியருக்கு அரசு ஆணைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல் அது. 'நில்' என்பதிலிருந்து பிறந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?' என்று கேட்பார்களே, அந்த 'ஸ்டாண்டிங்' நிலுவைக்குள்ளேயே இருக்கிறது. தாள் என்றால் நிலுவைத் தாள், எழுதுவது நிலுவைத் தேர்வு.

நிலுவை படிப்பைக் கெடுக்குமா? தேர்வு கெடுப்பதில்லை, நிலுவை மேல் நிலுவை சேர்வதுதான் கெடுக்கும். நவம்பரில் விழுந்த தாளை ஏப்ரலில் எழுதும்போது அந்த செமஸ்டரின் தாள்களும் கூடவே வரும். பழைய பாடத்துக்கு இப்போது வகுப்பு கிடையாது, தானாகத்தான் படிக்க வேண்டும். அதில் மூழ்கினால் புதுத் தாள் ஒன்று விழும். ஒற்றை நிலுவையை அடுத்த முறையே முடித்தவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள், தள்ளிப்போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரேங்க் பட்டியலுக்கு முதல் முயற்சித் தேர்ச்சியைக் கேட்கும் இடங்களில் அந்த வாய்ப்பும் போகும்.

தேர்வே வேண்டாம் என்றும் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. கொரோனா சமயம், 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் ரத்து என்று தமிழக அரசு அறிவித்ததும் முதல்வருக்குப் பேனர் கட்டினார்கள். 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலுவை நின்றது.

அம்மை போட்டுப் பரீட்சைக்கே வராதவனுக்குப் பின்னால் வைப்பது வேறு. அமெரிக்காவில் அதை மேக்கப் எக்ஸாம் என்பார்கள். இங்கே அப்படிச் சொன்னால் பவுடர் டப்பாதான் நினைவுக்கு வரும். அரசு அலுவலகங்களில் ஈடுசெய் விடுப்பு இருக்கிறது. அந்த வழியில் இதை ஈடுசெய் தேர்வு எனலாம்.